‘நிறையைக் குறைச்சிட்டு வாங்க’: மலையகப் பெண்ணுக்கு இந்த ஒரு வரி போதுமா?

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட அதே நாட்களில், உலக சுகாதார ஸ்தாபனம் கருவுறாமை தொடர்பான தனது முதலாவது உலகளாவிய வழிகாட்டியை வெளியிட்டது. மண்சரிவு, வீதித் தடை, மின்வெட்டு என்று உயிரைக் கையில் பிடித்திருந்த நேரத்தில் நுவரெலியா மாவட்டத்தில் அதை யாரும் கவனித்திருக்க முடியாது. ஆனால் நாற்பது பரிந்துரைகளைக் கொண்ட அந்த ஆவணம் பேசும் விடயம் எமது தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் மிக நெருக்கமானது. குழந்தையின்மை என்பது குடும்பத்துக்குள் மூடி வைக்கும் இரகசியம் அல்ல, அரச சுகாதார சேவைக்குள் வரவேண்டிய ஒன்று என்பதே அதன் சாரம்.

நான் வைத்தியர் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, ஹட்டன் பிரதேசத்தில் சுகாதார பாடம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை. என்னிடம் படித்த பிள்ளைகள் திருமணமாகி இரண்டு மூன்று வருடங்களின் பின் வந்து பேசும்போது, திரும்பத் திரும்பக் கேட்கும் கதை ஒன்றுதான். மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. ஸ்கேன் எடுத்தார்கள். ‘பி.சி.ஓ.எஸ்.’ என்று ரிப்போர்ட்டில் எழுதினார்கள். “மெலிஞ்சிட்டு வரச் சொல்றாங்க டீச்சர். எப்படி மெலியிறதுன்னு யாரும் சொல்லல” என்றாள் ஒருத்தி. இக்கட்டுரை அவளுடைய இரண்டாவது வசனத்தைப் பற்றியது.

நோயும் நிறையும்

பி.சி.ஓ.எஸ். என்பது சூலகத்தில் கட்டி வளரும் நோய் என்று பலர் பயப்படுகிறார்கள். அது புற்றுநோயும் அல்ல, வெட்டி எடுக்க வேண்டிய கட்டியும் அல்ல. ஸ்கேனில் தெரிபவை முழுமையாக வளராமல் நின்றுபோன சிறு முட்டைப் பைகள். உடல் இன்சுலினைச் சரியாகப் பயன்படுத்தாதபோது இரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. அது சூலகத்தைத் தூண்டி ஆண் ஹோர்மோனைக் கூட்டுகிறது. அதனால் முட்டை மாதாமாதம் வெளியாவதில்லை. முகத்தில் ரோமம், பரு, கழுத்தில் கறுப்புப் படிதல், இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்தல் எல்லாம் இதே சங்கிலியில் வருபவை.

உலக அளவில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 வீதமானோருக்கு இது இருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 இல் மதிப்பிட்டது. கம்பஹா மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வு, 15 முதல் 39 வயது வரையான பெண்களில் 6.3 வீதமானோருக்கு இது இருப்பதாகக் கண்டது. பின்னாளில் கொழும்புப் பல்கலைக்கழக உபவேந்தராக இருந்த பேராசிரியை சந்திரிகா விஜேரத்ன, பிரித்தானியாவில் வாழும் தெற்காசியப் பெண்களையும் வெள்ளையினப் பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வை 2002 இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். எம்மவர்களில் இந்நோய் இளவயதிலேயே, கூடுதலான அறிகுறிகளோடும் இன்சுலின் எதிர்ப்போடும் வெளிப்படுவதை அது காட்டியது. ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டும்போதே ஆபத்து தொடங்குகிறது என்று கூறப்படுவதும், பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

எனவே ‘நிறையைக் குறையுங்கள்’ என்பது பிழையான ஆலோசனை அல்ல. கூடுதல் நிறை உள்ளவர் தனது நிறையில் 5 முதல் 10 வீதத்தைக் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகி, முட்டை வெளியாகும் வாய்ப்பு கூடுகிறது. 70 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு 5 வீதம் என்றால் மூன்றரைக் கிலோ. இருபது கிலோ குறைக்க வேண்டும் என்று பயந்து, தொடங்காமலே விட்டுவிடும் பெண்ணுக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்ல வேண்டும்.

அதேவேளை, நிறை ஒரு நுழைவுச் சீட்டாக மாறக் கூடாது. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் தலைமையேற்று 2023 இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி, நல்ல உணவும் உடலசைவும் நிறை குறையாவிட்டாலும் பயன் தரும் என்கிறது. உடல் பருமனை வைத்துப் பெண்ணை வெட்கப்படுத்துவதே சிகிச்சைக்குத் தடை என்றும் எச்சரிக்கிறது. முட்டை வெளியாகாத பெண்களுக்கு லெட்ரோசோல் மாத்திரையை முதல் தெரிவாகப் பரிந்துரைக்கிறது. ஆகவே முப்பது வயதைக் கடந்த ஒருத்தியிடம் ‘மெலிந்த பிறகு பார்ப்போம்’ என்று சொல்லி அனுப்புவது அவளிடம் இல்லாத காலத்தைச் செலவழிப்பதாகும். இரண்டு வேலையும் ஒன்றாகத் தொடங்கலாம்.

ரொட்டியும் சீனியும்

எமது மலைநாட்டில் நிறை கூடுவதற்கான காரணங்கள் சோம்பலில் இல்லை. கோதுமை மா ரொட்டி காலையிலும் மதியத்திலும் பசியை அடக்கும் மலிவான உணவு. ஒரு பெரிய ரொட்டியில் 100 கிராம் மா இருந்தால் மாவில் மட்டும் சுமார் 350 கலோரி. பக்கத்தில் சம்பல் இருக்கும், பருப்போ முட்டையோ பல நாள் இருக்காது. குளிருக்கு ஐந்து தடவை பிளேன்டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் ஒரு நாளைக்கு சுமார் 50 கிராம். உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு பெரியவருக்குச் சொல்லும் உச்ச எல்லையே ஏறத்தாழ அவ்வளவுதான். அதிலும் பாதியாகக் குறைப்பதே நல்லது என்கிறது.

மலையேறிக் கொழுந்து பறித்த தாய்மாருக்கு அந்த ரொட்டி எரிந்து போனது. மகள்மார் இன்று ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கடைகளில் நிற்கிறார்கள், முன்பள்ளியில் கற்பிக்கிறார்கள், கொழும்பில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறார்கள். வேலை மாறியது, தட்டு மாறவில்லை. எமது நகர முஸ்லிம் வீடுகளில் ரொட்டிக்குப் பதில் சோறும் பராட்டாவும், வாரக் கடைசியில் சஹனும் வட்டிலப்பமும். வீட்டுக்கு வெளியே நடப்பதற்கு இளம் பெண்ணுக்குக் காரணம் கேட்கப்படும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். தேசிய வீதம் 17.3 மட்டுமே. நிறை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு ஆபத்து அதிகம் என்பது நன்கு அறியப்பட்டது. தோட்டப் பெண்ணை எமது சுகாதாரத்துறை நீண்ட காலமாக மெலிந்தவளாகவும் இரத்தச்சோகை உள்ளவளாகவுமே பார்த்துப் பழகிவிட்டது. அதே பெண்ணின் இடுப்புச் சுற்றளவை அளக்க இன்னும் பழகவில்லை.

கதவு முப்பத்தைந்தில் திறக்கிறது

நிறை, சீனி, இரத்த அழுத்தம் பார்த்து ஆலோசனை வழங்க 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இயங்குகின்றன. முதலில் 40 வயதைக் கடந்தவர்களுக்காகத் தொடங்கி, பின்னர் 35 வயதுக்குக் கொண்டுவரப்பட்டன. 1996 இல் ஆரம்பித்த சுகவனிதையர் கிளினிக்கும் பிரதானமாக 35 வயதைக் கடந்த பெண்களையே நோக்குகிறது. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்கோ பதினெட்டிலும் இருபத்தைந்திலும்தான் இந்த ஆலோசனை தேவை.

கிளினிக்குக்குப் போவதற்கும் விலை உண்டு. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 2026 ஜனவரி முதல் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தவும், வரவு ஊக்குவிப்பாக 200 ரூபா சேர்க்கவும் முன்மொழிந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் வரவுக்கு ஊக்குவிப்பு என்றால், கிளினிக் நாளில் 1,750 ரூபாவும் போய்விடும். மேலதிகமாக பஸ் கட்டணம். கண்டிக்கு அனுப்பினால் ஹட்டனிலிருந்து போகவே இரண்டரை, மூன்று மணித்தியாலம். இரண்டு தடவை போய் ‘இன்னும் குறையவில்லையே’ என்று கேட்டவள் மூன்றாம் தடவை போகமாட்டாள். அவளை நாம் ‘பொறுப்பற்றவள்’ என்கிறோம்.

அந்த இடைவெளியில்தான் கைத்தொலைபேசி நுழைகிறது. ஒரே மாதத்தில் பத்துக் கிலோ என்று லேபல் இல்லாத தூள்கள் விற்கப்படுகின்றன. ஒசெம்பிக் போன்ற ஊசிகள் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கருத்தரிக்க முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே அவ்வூசியை நிறுத்த வேண்டும் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தல் நிறுவனம் 2025 ஜூனில் அறிவுறுத்தியது. குழந்தைக்காக மெலிய நினைப்பவர் வைத்தியரைக் கேளாமல் தொடக் கூடாத மருந்து அது.

மௌனத்தின் விலை

குழந்தையின்மையைப் பேசாமல் மூடி வைப்பதன் விலை எமது சமூகத்துக்குத் தெரியாததல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்து ரொட்டியில் ‘மலட்டு மாத்திரை’ என்ற வதந்தி கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கும் வரை சென்றது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாக்கட்டி என்று தெரிந்தது. கருத்தரியாமைக்கு இன்சுலினும் முட்டையும் விந்தணுவும் காரணம் என்று அறிந்த நாட்டில் இப்படியொரு பொய்க்கு இவ்வளவு இலகுவாகக் கால் முளைத்திருக்காது.

வீட்டுக்குள் அதே அறியாமை வேறு உருவில் இருக்கிறது. பெண்ணுக்கு ஸ்கேன், பெண்ணுக்கு மாத்திரை, பெண்ணுக்கு உணவுக் கட்டுப்பாடு. கணவனின் விந்துப் பரிசோதனை மட்டும் கடைசி வரை நடக்காது. செலவு குறைந்த, வலியில்லாத அந்தச் சோதனை முதலிலேயே நடந்திருக்க வேண்டும். மருமகள் சீனியில்லாமல் தேநீர் குடித்தால் ‘இந்த வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா’ என்று கேட்கும் மாமியும், இரவு எட்டு மணிக்குக் கொத்து வாங்கி வரும் கணவனும் மாறாமல் அவள் ஒருத்தி மட்டும் மெலிய முடியாது.

என்ன செய்யலாம்?

புதிய கட்டடம் தேவையில்லை. குடும்ப சுகாதாரப் பணியகத்தின் புதுமணத் தம்பதியருக்கான நிகழ்ச்சித்திட்டம் ஏற்கனவே நாட்டில் உள்ளது. குடும்பநல உத்தியோகத்தர், எமது ஊரில் சொல்வதென்றால் மிட்வைஃப், புதிதாகத் திருமணமானோரைப் பதிந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அழைக்கிறார். உயரம், நிறை, இரத்தச்சோகை பார்க்கப்படுகின்றன, ஃபோலிக் அமிலம் கொடுக்கப்படுகிறது. அங்கேயே இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது? இடுப்பு எத்தனை சென்ரிமீற்றர்? முப்பத்தைந்து நாளுக்கு மேல் இடைவெளி என்றால் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லாமல் அப்போதே வைத்தியரிடம் அனுப்பலாம்.

தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டியது, கிளினிக் அட்டை காட்டும் நாளுக்கு வரவு ஊக்குவிப்பு வெட்டப்படக் கூடாது என்பது. பாடசாலைகளில் நாம் செய்யக்கூடியது, சீரற்ற மாதவிடாயைப் பத்தாம், பதினோராம் தரத்திலேயே தயக்கமின்றிக் கற்பிப்பது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் சபைகளும் காலையில் அரை மணி நேரம் தமது வளவைப் பெண்கள் நடப்பதற்குத் திறந்து விடலாம். வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி நேர வேக நடை, வழிகாட்டி கேட்கும் குறைந்தபட்சமான 150 நிமிடங்களைத் தந்துவிடும்.

உணவில் எந்த ஒரு ‘டயட்’டும் மற்றதைவிடச் சிறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. எனவே வீட்டில் உள்ளதையே மாற்றி அடுக்கலாம். இரண்டு ரொட்டி ஒன்றாகட்டும். அந்த இடத்தில் பருப்பு, அவித்த கடலை, முட்டை அல்லது நெத்தலி. லயத்துக்குப் பின்னால் முளைக்கும் வல்லாரை, பொன்னாங்காணி, நாமே விளைவிக்கும் கோவாவும் கரட்டும் தட்டில் பாதியை நிரப்பட்டும். பிளேன்டீ ஐந்தும் இருக்கட்டும், சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வரலாம். முழுக் குடும்பமும் அப்படியே சாப்பிடட்டும். நீரிழிவு எட்டிப் பார்க்கும் மாமனாருக்கும் அது மருந்துதான்.

நிறையைக் குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு வைத்தியரிடமும் அந்தப் பெண் இனி மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: எத்தனை கிலோ, எத்தனை மாதத்துக்குள், அதுவரை வேறென்ன சிகிச்சை? கேட்கும்போது கணவனும் பக்கத்தில் இருக்கட்டும்.