ஆங்கிலேயனின் சினச்சொல்

“ஆங்கிலம் எம்மொழிச் சொல்லையும் வாரிக்கொண்டதனால் அன்றோ வளர்ந்தது? தமிழன் மட்டும் ‘கோபம்’ என்றால் என்ன கெட்டுவிடும்?” என்று வினவுவார் இன்றும் உளர். அவர்தம் ஆங்கிலப் பற்று அம்மொழியின் வரலாற்றைப் படிக்கும் அளவிற்கு முற்றவில்லை போலும். சினத்திற்கு ஆங்கிலேயர் நாளும் வழங்கும் ‘ஆங்கர்’ என்னும் ஒரு சொல்லே அவர்க்கு விடை கூறும்.

அச்சொல் ஆங்கில மண்ணில் பிறந்ததன்று. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வடகடல் கடந்து வந்து, இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாள்வலியால் நிலங்கொண்டு குடியேறிய தேனியரும் நார்வேயரும் பேசிய பழநார்சு மொழியது. அங்கு அதற்குத் துயரம், இடுக்கண் என்பனவே பொருள். ஆங்கிலத்திற் புகுந்தபோதும் முதற்கண் தொல்லை, துன்பம் என்றே நின்று, 14ஆம் நூற்றாண்டளவில்தான் சினப்பொருளில் வேரூன்றியது. சிவந்து வீங்கிக் கனலும் புண்ணைச் ‘சினந்த புண்’ என்னும் பொருள்பட ஆங்கிலேயர் இன்றும் கூறுவர். நோவின் தொடர்பை அச்சொல் முற்றும் விடவில்லை.

அதன் வேர்ப்பொருள் இறுக்கம். இலத்தீன் ‘அங்கெரே’ நெரித்தலைக் குறிக்கும். செருமன் ‘எங்’ குறுகியது என்னும் பொருட்டு. நெஞ்சை இறுக்கும் நோய்க்கு மருத்துவர் இட்ட ‘ஆஞ்சைனா’ என்னும் பெயரும் அக்குடும்பத்ததே. இடுங்குதல் துன்பமாவதைத் தமிழர்க்கு விளக்க வேண்டா. இடுக்கண் என்னும் சொல்லே காட்டும்.

இனி, ஆங்கிலேயனின் சொந்தச் சினச்சொற்கள் என்னாயின? ‘இர்ரெ’ என்பது பழைய ஆங்கிலத்தில் பெருவழக்காயிருந்தது. அது அடியோடு மாண்டது. ‘ராத்து’ என்பது பிழைத்தும், விவிலியத்திலும் செய்யுளிலும் ஒதுங்கிற்று. 1066இல் நார்மானியர் வென்றபின், பிரெஞ்சு வழியே ‘ஐர்’ வந்தது, ‘ரேச்’ வந்தது. இப்பின்னது வெறிநாய்க்கடிக்குப் பெயரான இலத்தீன் ‘ரேபிசு’ என்பதன் திரிபு. வென்றவனுக்கு ஏற்ற கொடைதான்!

ஆகவே, கடன் என்று புகழப்படுவது பெரும்பாலும் தோல்வியின் தழும்பே. மேலும், நார்சும் ஆங்கிலமும் உடன்பிறந்த மொழிகள். பக்கத்து வயலில் உழுதவனின் வாய்ச்சொல் அது. வடமொழி தமிழுக்கு அத்தகைய உறவுடையதன்று. ‘கோபம்’ புகுந்தபோது தமிழில் வெற்றிடமும் இருந்ததில்லை. வெகுளியைத் தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக வைத்தது. திருவள்ளுவர் 31ஆம் அதிகாரத்திற்கு வெகுளாமை என்றே பெயரிட்டார். சினம், சீற்றம், செற்றம், முனிவு, கதம் என நுண்வேறுபாடுடைய சொற்கள் நிரம்பிய வீட்டிற்கு இரவற்சொல் எதற்கு?

‘இர்ரெ’யை ஆங்கிலேயன் இனி எழுப்ப இயலாது. சினமோ சாகவில்லை. ஆத்திசூடி படிக்கும் பிள்ளை அதனைப் பள்ளியில் உரக்கச் சொல்கிறது. மாலையில் வீடு திரும்பினால், “சத்தம் போடாதே, அப்பாவுக்குக் கோபம் வரும்” என்கிறாள் தாய்.