ஷெரீப் பதவி அற்பப் பதவியா?

“உள்ளூர்த் தேர்தல்தானே! ஷெரீப்பாம், பள்ளிக்கூட போர்டாம்! இதற்கா இத்தனை ஆரவாரம்?” என்று உதட்டைப் பிதுக்கும் கனவான்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இருந்தார்கள். அவர்களை ஒரே ஒரு கேள்வி கேட்போம். பதவி அற்பம் என்றால், அதைக் கட்டிக் காக்க நிலப்பிரபுக்கள் துப்பாக்கி தூக்கியது ஏன்?

அலபாமா ராஜ்யத்தில் லவுண்ட்ஸ் கவுண்டி என்று ஒரு பகுதி. பருத்தி விளையும் கரிசல் சீமை. 1960ல் அங்கே ஜனத்தொகை 15,000 சொச்சம். ஐந்தில் நான்கு பங்கு கறுப்பு மக்கள். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு 86 வெள்ளைக் குடும்பங்களின் கையில். 1965 பிறந்தபோது ஓட்டர் ஜாபிதாவில் கறுப்பு மனிதர் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளையர் பெயர்களோ, அங்கே உயிரோடு வாழ்ந்த வயதுவந்த வெள்ளையர்களைவிட அதிகம்! ஜனநாயகம் சுடுகாடு வரை பரவியிருந்தது; கறுப்பு உழைப்பாளியின் குடிசை வாசலுக்கு மட்டும் வரவில்லை.

ஷெரீப் என்பவன் யார்?

சென்னைப் பட்டணத்தில் முன்பு ஷெரீப் என்றொரு பதவி இருந்தது. வரும் பிரமுகருக்கு மாலை போடுவதோடு ஏறக்குறைய அதன் வேலை முடிந்துவிடும். அலபாமா ஷெரீப் அப்படிப்பட்ட அலங்காரப் பொம்மை அல்ல. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் தலைவன் அவன். சிறைச்சாலைச் சாவி அவனிடம். துணை ஷெரீப்புகளை நியமித்து, துப்பாக்கி கொடுப்பவன் அவன். கோர்ட் உத்தரவைக் காட்டிக் குடியானவனை வீட்டைவிட்டு வெளியேற்ற வருபவனும் அவனே.

1935ல் இதே கவுண்டியில் பருத்தி பறிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்யூனிஸ்டுகள் கட்டி வளர்த்த வாரக் குடியானவர் சங்கம் முன்னின்று நடத்திய போராட்டம் அது. நூறு ராத்தல் பருத்தி பறித்தால் ஒரு டாலர் கூலி வேண்டும் என்று கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. பதில் சொல்ல வந்தது யார்? பண்ணை முதலாளி கணக்குப் புத்தகத்தோடு வந்தானா? இல்லை. ஷெரீப் வந்தான், ஆயுதக் கும்பலோடு வந்தான். அடித்தார்கள், சுட்டார்கள், கொன்றார்கள். கூலித் தகராறில் கடைசி வார்த்தையைச் சொல்லும் பதவிக்குப் பெயர் அற்பப் பதவியாம்!

முப்பது வருஷம் கழித்து மாறியது என்ன? 1965 மார்ச் 25ந் தேதி, ஓட்டுரிமை ஊர்வலம் முடிந்து தொண்டர்களைக் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வயோலா லியூஸோ என்ற வெள்ளைக்காரத் தாய் இந்தக் கவுண்டிச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 20ந் தேதி, ஹேன்வில் ஊரில் சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வந்த ஜோனதன் டேனியல்ஸ் என்ற பாதிரிப் படிப்பு மாணவர் பட்டப்பகலில் சுடப்பட்டார். சுட்டவன் யார்? தனித் துணை ஷெரீப் என்று பட்டம் கட்டிக்கொண்ட டாம் கோல்மன். பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் ஜூரியாக உட்கார்ந்தார்கள். “குற்றமற்றவன்” என்று அனுப்பிவைத்தார்கள். இறந்த இருவரும் வெள்ளையர் என்பதைக் கவனியுங்கள். உழைப்பவனோடு சேர்ந்து நின்றால் தோலின் நிறம்கூட அங்கே காப்பாற்றவில்லை.

பள்ளிக்கூடம் யாருடையது?

சரி, பள்ளிக்கூட போர்டுக்கு என்ன சண்டை? கறுப்புக் குழந்தைகளுக்கு அங்கே கிடைத்தது ஒற்றை அறை, இரட்டை அறை மரக் கொட்டகை. கக்கூஸ் வெளியே. குளிருக்கு ஒரு விறகு அடுப்பு. வெள்ளைப் பிள்ளைகளுக்கோ கல்கட்டிடம். எந்த வாத்தியாருக்கு வேலை, யாரை வீட்டுக்கு அனுப்புவது, பஸ் எந்தத் தெரு வரை போகும் என்பதெல்லாம் போர்டு தீர்மானிப்பது. படித்த கறுப்பு வாத்தியார்கள் பலர் இயக்கத்துப் பக்கம் வரத் தயங்கினார்கள். அவர்களைக் கோழைகள் என்று வைவது சுலபம். அவர்களுடைய சம்பளப் பட்டியலில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். எழுத்தறிவில்லாதவன் கணக்குக் கேட்கமாட்டான். வருஷக் கடைசியில் “உன் பங்குப் பருத்தி கடனுக்குச் சரியாய்ப் போயிற்று” என்று முதலாளி சொன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவான். பண்ணைக்கு லாபம் கொடுத்தது கரிசல் மண் மாத்திரமல்ல, அந்த மரக் கொட்டகைப் பள்ளிக்கூடமும்தான்.

1965 ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. ஜனங்கள் பதிவு செய்யக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பதிந்தவனைப் பண்ணையைவிட்டு விரட்டினார்கள் முதலாளிகள். தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட நிலத்திலிருந்து, அடுப்புச் சட்டியோடு வெளியே! அந்த டிசம்பர்க் குளிரில் நெடுஞ்சாலை ஓரமாக ஆறு ஏக்கர் மனையில் கூடாரம் போட்டுக் குடியேறினார்கள். இரவில் காரில் வந்து கூடாரங்களை நோக்கிச் சுட்டுவிட்டுப் போனார்கள் வெறியர்கள். குழந்தை குட்டிகளோடு இருந்தும் அவர்கள் இடத்தைக் காலி செய்யவில்லை.

சேவலா, சிறுத்தையா?

இந்த நேரத்தில் வந்து சேர்ந்தார்கள் ஆலோசனைக்காரர்கள். “தனிக் கட்சி வேண்டாம், டெமாக்ரட் கட்சிக்குள்ளேயே போங்கள், நல்லவராகப் பார்த்து ஓட்டுப் போடுங்கள்” என்றார்கள். எந்த டெமாக்ரட் கட்சி? ஓட்டுச் சீட்டில் சேவல் சின்னம் வைத்து, அதன் தலைக்கு மேல் “வெள்ளையர் மேலாதிக்கம்” என்று 1966 ஜனவரி வரை அச்சடித்த கட்சி! கறுப்பு மக்கள் உள்ளே வரப் போகிறார்கள் என்றதும் ஷெரீப் பதவிக்கு மனுச் செய்யும் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக உயர்த்திய கட்சி! கொலைகாரன் வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு நில் என்பதா ஆலோசனை?

லவுண்ட்ஸ் மக்கள் அதைக் கேட்கவில்லை. ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலிய வாலிபர்கள் துணை நின்றார்கள். சட்டப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு கவுண்டிக்குள் மட்டும் இயங்கும் கட்சியைத் தொடங்க வழியுண்டு என்று கண்டுபிடித்தார்கள். லவுண்ட்ஸ் கவுண்டி சுதந்திர ஸ்தாபனம் பிறந்தது, சின்னம் கருஞ்சிறுத்தை. பிற்பாடு கலிபோர்னியாவில் ஓக்லண்ட் வாலிபர்கள் எடுத்துக்கொண்ட பெயரும் சின்னமும் இங்கிருந்து போனவைதான். உடனே பத்திரிகைகள் “கருஞ்சிறுத்தைக் கட்சி! இனவெறி!” என்று ஓலமிட்டன. அந்த மக்கள் கேட்டார்கள்: டெமாக்ரட்டுகளை யாராவது “வெள்ளைச் சேவல் கட்சி” என்று எழுதியதுண்டா?

1966 மே 3ந் தேதி, ஹேன்வில் ஊர் மாதாகோவில் முற்றத்தில் சுமார் 900 பேர் கூடி அபேட்சகர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஷெரீப் பதவிக்கு சிட்னி லோகன். பள்ளிக்கூட போர்டுக்கு ராபர்ட் லோகன், ஜான் ஹின்சன், வில்லி மே ஸ்ட்ரிக்லண்ட் என்ற பெண்மணி. “இவர்களுக்கு என்ன அனுபவம்?” என்று நையாண்டி செய்தார்கள். ஷெரீப்பின் அடியை முதுகில் வாங்கியவனைவிட ஷெரீப் வேலையின் லட்சணம் யாருக்குத் தெரியும்? இருந்தும் அவர்கள் படித்தார்கள். எழுத்துத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும்படி படக்கதைப் புத்தகம் போட்டு, ஷெரீப்பின் கடமை என்ன, போர்டு மெம்பரின் கடமை என்ன என்று வகுப்பு நடத்தினார்கள். வெள்ளை அபேட்சகர்கள் யாராவது தங்கள் ஓட்டர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்களா?

நவம்பர் 8ந் தேதி தேர்தல். பண்ணையார்கள் தங்கள் குடியானவர்களை லாரியில் ஏற்றி வந்து சேவலுக்கு ஓட்டுப் போட வைத்தார்கள். கூடாரவாசிகளின் கதி எல்லோருக்கும் தெரிந்ததுதானே! சிட்னி லோகனுக்குச் சுமார் 1,600 ஓட்டு, பழைய ஷெரீப்புக்குச் சுமார் 2,300. அபேட்சகர்கள் அத்தனை பேரும் தோற்றார்கள்.

“பார்த்தீர்களா, சொன்னோமே!” என்றார்கள் கனவான்கள். என்ன சொன்னார்கள்? நூற்றுக்கு இருபது ஓட்டு வாங்கினால் கட்சிக்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. இவர்கள் வாங்கியது நாற்பதுக்கு மேல். இரண்டு வருஷம் முன்னால் ஜாபிதாவில் ஒரு பெயர்கூட இல்லாத மக்கள்! நாலே வருஷத்தில், 1970ல், ஜான் ஹியூலட் ஷெரீப் ஆனார். பர்மிங்காம் நகரில் வார்ப்படத் தொழிற்சாலையில் பாடுபட்டு, தொழிற்சங்கத்தில் பழகி, சொந்த ஊர் திரும்பியவர் அவர். 1965 மார்ச்சில் முதன்முதல் ஓட்டுப் பதிந்த இருவரில் ஒருவர். இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். இருபத்தைந்து வயதுக் கறுப்பு வாலிபன் ராத்திரியில் சாலையில் நடந்து போனால், எதிரே வரும் ஷெரீப் வண்டியைக் கண்டு பள்ளத்தில் பதுங்க வேண்டிய காலம் போயிற்று. இது அற்பமா?

இதோடு சொர்க்கம் வந்துவிட்டதாக யாராவது சொன்னால் அதுவும் புரட்டு. ஷெரீப் மாறினான், பட்டா மாறவில்லை. ஊரிலே வேலை இல்லை. 2017ல் ஐ.நா. சபையின் வறுமை விசாரணை அதிகாரி பிலிப் ஆல்ஸ்டன் லவுண்ட்ஸ் கவுண்டிக்கு வந்தபோது, வீட்டுக் கக்கூஸ் தண்ணீர் திறந்த வெளியில் தேங்கி நிற்பதைக் கண்டார். தண்ணீர் இறங்காத அந்தக் கரிசலில் சாதாரணக் கழிவுத் தொட்டி வேலை செய்யாது. அதற்கேற்ற தொட்டி கட்ட ஏழைக்குப் பணம் ஏது? 2023ல் மத்திய சர்க்கார் தலையிட்டு, ராஜ்ய சுகாதார இலாகாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. 2025ல் டிரம்ப் சர்க்கார் அதை ரத்து செய்தது. அந்த இலாகாவின் நாற்காலிகள் கவுண்டியில் இல்லை. தலைநகரான மாண்ட்கமரியில் இருக்கின்றன. அங்கே இன்னும் சேவல் வம்சத்தார்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், கட்சிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு.