தாடிக்குச் சம்பள வெட்டு: நிர்வாகத்துக்கும் வாய்திறக்காத சங்கத்துக்கும் கண்டனம்

தாடி வைத்திருந்த குற்றத்துக்காக மூன்று தொழிலாளர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பி, அந்த நாட்களுக்கு ஆப்சென்ட் போட்டுச் சம்பளத்தையும் வெட்டியிருக்கிறது சென்னையின் நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் நிர்வாகம். இதை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அவர்களுக்காகப் பேச மறுத்த, அங்கே அங்கீகாரம் பெற்ற சங்கத்தையும் கண்டிக்கிறோம்.

தாடி கூடாது, நரைக்குச் சாயம் அடிக்க வேண்டும், மணிக்கட்டில் கயிறு கூடாது என்று பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். மறுநாளே ஷிப்டுக்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, சூப்பர்வைசர் ஒவ்வொருவர் தாடையையும் நிமிர்த்திப் பார்த்தார். சாயத்துக்குக் காசு யார் தருவது என்று மட்டும் சுற்றறிக்கையில் இல்லை. சுத்தத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. சமையலறையில் தலைக்கு நெட், தாடிக்கு மாஸ்க் கட்டாயம் என்றால் முதலில் ஆதரிப்பவர்கள் நாங்கள்தான். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் தரைத்தளத்துக்குக் கீழே லாண்டரியில் பெட்ஷீட் தேய்ப்பவர். எந்த விருந்தினர் அவர் முகத்தைப் பார்க்கிறார்? ஷேவ் செய்தால் முடி உள்நோக்கி வளர்ந்து கன்னமெல்லாம் சீழ்க்கொப்புளம் வருகிறது என்று தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டையும் கொடுத்திருக்கிறார். வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி.

நிலையாணையில் இல்லாத ஒழுங்கு விதியைப் புதிதாகப் புகுத்த 21 நாள் நோட்டீஸ் வேண்டும் என்றது 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு. 2020 தொழிலுறவுத் தொகுப்பும் அந்த 21 நாளை எடுத்துவிடவில்லை. இங்கே ஒருநாள் அவகாசம்கூடக் கிடைக்கவில்லை.

நிர்வாகம் இப்படித்தான் என்பது தெரிந்த கதை. எங்களை அதிகம் உறுத்துவது அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் நடத்தை. கார்த்திகையில் மாலை போட்ட தோழர்களுக்குத் தாடி விலக்கு கேட்டுக் கடிதம் கொடுத்து, வாங்கியும் தந்தது அந்தச் சங்கம். அது சரியான வேலை, பாராட்டுகிறோம். அதே கடிதம் இஸ்லாமியரான ஸ்டூவர்டுக்கு ஏன் கிடைக்கவில்லை? லாண்டரித் தோழருக்கு ஏன் இல்லை? மூன்றாமவர் போன சங்கத் தேர்தலில் செயலாளரை எதிர்த்து நின்றவர். அவர் விஷயத்தில் காரணம் கேட்கவே வேண்டாம். மூவருக்கும் வந்த பதில், "அது உங்கள் சொந்தப் பிரச்சினை."

வேலைநீக்கம் என்றால் தொழிலாளி தனியாகவே தகராறு எழுப்பலாம். 1947 சட்டத்தில் 2ஏ பிரிவு அதற்குத்தான் வந்தது. வாயிலில் நிறுத்துவதற்கும் சம்பள வெட்டுக்கும் அந்த வழி இல்லை. சங்கமோ கணிசமான தொழிலாளர்களோ கையில் எடுத்தால்தான் தகராறு. சமரச அதிகாரி முன்னால் அந்தச் சங்கம் போடும் ஒப்பந்தமோ சந்தா கட்டாதவரையும் கட்டுப்படுத்தும். எல்லோர் பெயரிலும் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஆள் பார்த்து வாய் திறப்பது எந்த ஊர் நியாயம்? அமெரிக்காவில் லூயிவில் - நாஷ்வில் ரயில்வேயில், நீராவி இன்ஜினுக்குக் கரி போட்ட கறுப்பினத் தொழிலாளர்களை வெள்ளையர் சங்கம் ஓரங்கட்டியபோது, அனைவருக்கும் பிரதிநிதி என்ற இடத்தில் இருக்கும் சங்கம் அனைவருக்கும் பாகுபாடின்றிப் பேசியாக வேண்டும் என்று 1944-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும், வெட்டிய சம்பளத்தை இந்த மாதமே தர வேண்டும், மூவர் பிரச்சினையையும் அந்தச் சங்கம் எழுத்துமூலம் கையில் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்கித் தொழிலாளர் துறைக்கு நாங்கள் போகிறோம். வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் பணியாளர் வாயிலில் கண்டன ஆர்ப்பாட்டம். அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களும் வரலாம்; கொடி வேண்டாம்.

- செயற்குழு