தெரிந்த கதையைத் தாண்டுகிறவர்கள்

வெள்ளானூரில் எங்கள் வீட்டு மாடியறையில் என் அக்கா மகன் இதுவரை ஐந்து பிறவி எடுத்திருக்கிறான். முதலில் கோடரி ஏந்திய காட்டுமிராண்டி. பிறகு சூனியக்காரி, கள்ளன், கரடியாக உருமாறும் துரூயிட், கடைசியாகப் பிணங்களை எழுப்பிப் படை திரட்டும் நெக்ரோமான்சர். விளையாட்டின் பெயர் டயாப்லோ 4. 2023 ஜூனில் வெளிவந்தது. முதல் பிறவிக்கு மட்டும்தான் கதை இருந்தது. முன்கதை, ஆறு அங்கங்கள், பின்கதை என்று அந்தக் காட்டுமிராண்டி எல்லாவற்றையும் கடந்து வந்தான். மற்ற நால்வரும், பாத்திரத்தை உருவாக்கும் திரையிலேயே 'கதையைத் தவிர்' என்ற கட்டத்தில் குறியிடப்பட்டு, நேராகச் சண்டைக்குள் பிறந்தவர்கள். தாய் தந்தை கிடையாது. ஊர் கிடையாது. பையில் ஆயுதம் உண்டு.

இப்படி இரண்டாவதாக, மூன்றாவதாக உருவாக்கும் பாத்திரங்களை ஆட்டக்காரர்கள் ஆல்ட் என்று சொல்கிறார்கள். ஆல்ட்டுக்குக் கதை வேண்டாம் என்பது அவர்களிடையே ஏறக்குறைய விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாகிவிட்டது. இதை எங்கள் வாசகர் வட்டச் சந்திப்பில் ஒரு தகவலாகத்தான் சொன்னேன். நண்பர் ஒருவர் சிரித்தார். "விளையாட்டில் கதை என்பது கோயில் பிரசாதத்தின் தொன்னை. தின்றதும் எறிந்துவிட வேண்டியதுதானே? இதற்கெல்லாமா நீங்கள் கவலைப்படுகிறீர்கள்?" என்றார். அறையில் இருந்த பலரும் தலையாட்டினார்கள். எனக்கு அன்று பதில் சொல்ல வரவில்லை. வழக்கம்போல் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வந்தது.

நண்பரின் கருத்தும் என் அக்கா மகனின் கருத்தும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் அடிப்படையில் ஒன்றுதான். "கதை தெரிஞ்சாச்சு மாமா, திரும்ப எதுக்கு?" என்கிறான் அவன். கதை என்பது தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி, தெரிந்ததும் அதன் வேலை முடிந்தது என்பதே இருவருடைய நம்பிக்கையும். இலக்கியம் வாசிக்கிற ஒருவர் இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை ஆண்டுகள் காலம் தள்ளினார் என்பதுதான் எனக்கு வியப்பு.

எங்கள் தொண்டை நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களுக்குக் குறைவில்லை. அங்கே வெயில் காலத்தில் நடக்கும் பாரதத் திருவிழாவை இந்தக் குழுவில் பலர் பார்த்திருப்பீர்கள். பிற்பகலில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் விருத்தங்களைப் பாடிப் பொருள் சொல்லிக்கொண்டு போவார். இரவில் கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று நாளுக்கொரு கதை. கடைசி நாள் படுகளம்: மண்ணால் செய்து கிடத்திய பேருருவான துரியோதனன், அவன் தொடையைப் பிளக்கும் பீமன், கூந்தல் முடிக்கும் பாஞ்சாலி. மாலையில் தீமிதி. அந்த மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் கதை தெரியாதவர் ஒருவரும் இல்லை. அபிமன்யு திரும்பி வரப்போவதில்லை என்பது மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அவன் புறப்படும்போது கிழவிகள் மூக்கைச் சிந்துகிறார்கள். துகிலுரிதல் இரவில் திரௌபதி வேடக்காரருக்குக் கற்பூரம் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வதை நானே பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டும் அதே சேலைதான் உரியப்பட்டது, சென்ற ஆண்டும் கண்ணன் காப்பாற்றிவிட்டான் என்று அங்கே யாரும் ஆறுதல் கொள்வதில்லை. எங்கள் அப்பா ஒவ்வோர் ஆண்டும் கர்ண மோட்சத்துக்குப் போய்வருவார். பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடத்தைப் பற்றி மறுநாள் காலை டீக்கடையில் புதுச் செய்தி போலப் பேசிக்கொண்டிருப்பார்.

தெரிந்த கதையை மறுபடி கேட்பதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டால், முடிவு தெரிந்திருப்பதுதான் கிடைக்கிறது என்பேன். டயாப்லோ 4 கதையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நைரெல் என்றொரு சிறுமி. தாயைத் தேடுகிறவளாக அறிமுகமாகி, அந்தத் தாயையே அரக்கியாகக் கண்டு இழக்கிறாள். கதை முடிவில் மெபிஸ்டோ சிறைப்பட்ட கல்லைத் தானே எடுத்துக்கொண்டு தனியாகப் படகேறிப் போய்விடுகிறாள். முதன்முறை ஆடுகிறவனுக்கு, தொடக்கத்தில் பனிக்குள் நிற்கும் அந்தப் பெண் ஒரு வழித்துணை மட்டுமே. அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டுகிறவள். அவள் எங்கே போய் முடியப்போகிறாள் என்று தெரிந்தவன் கண்ணில்தான் அந்தக் காட்சிக்கு எடை கூடும். அந்தக் கண் வாய்த்த பிறகுதான் நம் ஆட்டக்காரர் கட்டத்தில் குறியிட்டுவிட்டு வெளியே போகிறார்.

ஒரு வாக்குமூலம். டால்ஸ்டாயை நான் டி.எஸ். சொக்கலிங்கத்தின் 'போரும் வாழ்வும்' வழியாகத்தான் முதலில் படித்தேன். வரலாறு என்றால் என்ன, மாவீரன் என்றால் யார் என்று டால்ஸ்டாய் பிரசங்கம் செய்யும் பக்கங்களைக் கூசாமல் தள்ளினேன். நதாஷா எங்கே, ஆந்திரேய் பிழைத்தானா என்பதே அப்போது என் அவசரம். ஆந்திரேய் பிழைக்கவில்லை என்று தெரிந்த பிறகு, பல வருடம் கழித்து இரண்டாம் முறை படித்தபோதுதான் தள்ளிய பக்கங்களில் நின்றேன். வாசகனின் இயல்பு இப்படித்தான் இருக்கிறது: முதல் முறை தாவுவான், இரண்டாம் முறை நிற்பான். விளையாட்டு நிறுவனங்கள் இதைத் தலைகீழாக்கிவிட்டன. முதல் முறை தாவ அனுமதியில்லை, இரண்டாம் முறை நிற்கத் தேவையில்லை. ஆர்வத்தில் தாவத் துடிக்கிறவனைப் பிடித்து நிறுத்துகிறார்கள். நின்று பார்க்கக்கூடிய பக்குவம் வந்தவனிடம் போய்வா என்கிறார்கள்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததில்லை. 2012இல் வந்த டயாப்லோ 3இல் கடினம் கூடக்கூட அதே கதையை, அதே வசனங்களோடு நான்கு முறை கடக்க வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் சலித்தார்கள், நியாயமான சலிப்பு. 2014இல் வந்த தொடர்ச்சியில், கதையை ஒருமுறை முடித்தவர்களுக்குக் கதையே இல்லாத ஒரு தனி முறையைத் திறந்துவிட்டார்கள். 2004இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்டின் 2020 தொடர்ச்சியான ஷேடோலேண்ட்ஸில், முதல் பாத்திரம் நான்கு நிலங்களின் கதையையும் வரிசையாக முடித்தாக வேண்டும். ஆல்ட்டுகள் அதைத் தள்ளிவிட்டு விருப்பப்பட்ட நிலத்துக்குப் போகலாம். அந்த வழிக்கு 'விதியின் இழைகள்' என்று பெயர். விதியின் கதை முழுவதையும் அறுத்தெறிகிற ஏற்பாட்டுக்கு இப்படிப் பெயர் வைத்தவர் நல்ல நகைச்சுவையாளராக இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விடத் துணிச்சலான காரியம் ஃபைனல் ஃபேன்டசி 14இல் 2017இல் நடந்தது. கதைக்காகவே பலரும் கொண்டாடும் விளையாட்டு அது. அங்கே கதையைத் தாண்டிப் போகும் வசதியைத் தனிப் பொருளாகக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். இத்தனைக்கும் அந்த விளையாட்டில் ஒரே பாத்திரம் எல்லாத் தொழிலையும் பழகிக்கொள்ளலாம். ஆல்ட்டுக்கே பெரிய தேவை கிடையாது. ஒரு பதிப்பாளர் ஆயிரம் பக்க நாவலை விலைக்கு விற்றுவிட்டு, அதைப் படிக்காமல் கடைசி அத்தியாயத்துக்குப் போக இன்னொரு தொகை கேட்டால் நாம் என்ன சொல்வோம்? 2020இல் அதே விளையாட்டின் முதல் பகுதிக் கதையை நிறுவனமே வெட்டிக் குறைத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வெட்டுவது எழுத்தாளனின் வேலை. எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு அதைத் தாண்டக் கட்டணம் வாங்குவது சுங்கச்சாவடிக்காரனின் வேலை.

சுங்கச்சாவடி என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நோய் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கதையைச் சாலைக்குக் குறுக்கே கம்பு போட்டு நிறுத்தி வைத்தால், எவனும் அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் பார்ப்பான். பாரதக் கூத்தில் அப்படி ஒரு கம்பு இல்லை. பத்து இரவும் கண்விழித்தவனுக்கு மட்டும்தான் தீமிதி என்று யாரும் சொல்வதில்லை. காப்புக் கட்டி விரதம் இருந்தவன் மிதிக்கிறான், அவ்வளவுதான். கூத்து நடக்கும்போது தூங்குகிறவன் தூங்குவான். வடை வாங்கப் போகிறவன் போவான். பாதியில் வந்தவனிடம் விட்ட கதையை யாராவது சொல்லிவிடுவார்கள். கதைக்கு எந்தப் பரிசும் கட்டப்படவில்லை. அதனால்தான் அதற்காகவே வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதை அக்கா மகனிடம் சொன்னேன். அவன் முழுவதும் கேட்டான். பிறகு சொன்னது இது: "நீங்க சொல்றது சரிதான் மாமா. ஆனா நான் மந்திரக்காரியா போனாலும் கரடியா போனாலும் நைரெல் அதே பேச்சைத்தான் பேசுறா. நான் யாருன்னு அவளுக்குக் கவலையே இல்ல. அப்புறம் எனக்கு மட்டும் ஏன் கவலை?"

நேர்மையாகச் சொன்னால் இதற்கு என்னிடம் பதில் இல்லை. கூத்திலும் வசனம் மாறாது என்று வாதிக்கலாம். ஆனால் அங்கே நான் பார்வையாளன். இங்கே இவன் வேடம் கட்டிய ஆட்டக்காரன். ஐந்து வேடம் கட்டியவனுக்கு ஒரே வசனத்தைக் கொடுத்தால் அவன் வசனத்தை வெறுப்பதில் தவறென்ன?

அந்த வெறுப்பை வைத்துக்கொண்டு, ஆல்ட்டுக்குக் கதையே கூடாது என்று முடிவுகட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் நம் இலக்கியத்தின் பெரும்பகுதி ஆல்ட்டுகளால் ஆனது. எம்.டி. வாசுதேவன் நாயர் 1984இல் பீமனாகப் பிறந்து பாரதத்தைத் தொடக்கத்திலிருந்து மறுபடி நடந்தார். குறிஞ்சிவேலன் மொழிபெயர்ப்பில் 'இரண்டாம் இடம்' என்று நமக்குக் கிடைத்தது. பிரதிபா ராய் ஒடியாவில் திரௌபதியாகப் பிறந்தார். அவர்களுக்கெல்லாம் முன்பே பாசன், 'ஊருபங்க'த்தில் தொடை பிளந்து கிடக்கும் துரியோதனனாகப் பிறந்தார். 2014இல் தொடங்கி 2020 வரை 26 நாவல்களாக ஜெயமோகன் எழுதிய 'வெண்முரசு' எத்தனை பேராகப் பிறந்தது என்பதை எண்ணிச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. இவர்களில் யாரும் 'கதை தெரிந்ததுதானே' என்று குருட்சேத்திரத்தில் போய் இறங்கவில்லை. பீமனுக்கும் அர்ச்சுனனுக்கும் போர் ஒன்றுதான்; போருக்குப் போகும் வழி வேறு.

விளையாட்டுகளால் இது முடியாது என்று சொல்லாதீர்கள். முடிந்திருக்கிறது. 2011 டிசம்பரில் வந்த ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்கில் எட்டு வகைப் பாத்திரங்கள், எட்டுக்கும் தனித்தனிக் கதை. ஜெடாய் வீரனாக ஆடியவனுக்கு, பேரரசின் உளவாளி தன் மனமே பிறர் கையில் ஒரு விசையாக இருப்பதைக் கண்டுபிடிக்கும் கதை தெரிய வாய்ப்பே இல்லை. அதற்கு ஓர் ஆல்ட் எடுத்தாக வேண்டும். அங்கே பலர் ஆல்ட் எடுத்ததே கதைக்காகத்தான். 2015இல் அந்த நிறுவனம் ஒரு காரியம் செய்தது. சந்தா கட்டியவர்களுக்கு, பாத்திரத்தின் சொந்தக் கதையை ஆடினால் அனுபவப் புள்ளிகள் பன்னிரண்டு மடங்கு என்று அறிவித்தது. விளைவாக ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான கிரகப் பணிகளைத் தாண்டினார்கள், தனிக்கதையை ஆடினார்கள். எதைத் தாண்டலாம், எதைத் தாண்டக்கூடாது என்று தெரிந்த ஒருவர் அந்த நிறுவனத்தில் அப்போது இருந்திருக்கிறார். அந்த மனிதர் எங்கே போனார் என்பதுதான் என் கேள்வி. எட்டுக் கதை எழுதப் பணம் ஆகும், ஒரு கட்டம் வரைய ஆகாது என்று யாராவது கணக்குச் சொல்லக்கூடும். சரியான கணக்குதான். ஆனால் அதை 'ஆட்டக்காரரின் நேரத்துக்கு நாங்கள் தரும் மரியாதை' என்று விற்கும்போதுதான் எரிகிறது.

நேரம் என்கிற வாதத்தையும் ஒரு வார்த்தையில் கடக்க விரும்புகிறேன். கதையைத் தவிர்த்து மிச்சப்படுத்திய நேரத்தில் என் அக்கா மகன் ஒரே பாதாள அறையைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்கிறான். ஒரே அரக்கன், ஒரே பெட்டி, சற்றே மேம்பட்ட கையுறை. கேட்ட கதையை இன்னொரு முறை கேட்க நேரமில்லாதவனுக்கு, கொன்ற அரக்கனை நூறு முறை கொல்ல நேரமிருக்கிறது.

தொன்னை என்று சொன்ன நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ராஜாஜியின் 'வியாசர் விருந்'தைப் படித்துவிட்டுப் பாரதம் படித்தாயிற்று என்று இருப்பவர்கள்தான் நம்மில் பலரும், நான் உட்பட. வில்லி பத்துப் பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பத்தைக்கூட நான் முழுவதும் படித்ததில்லை. போர்ப் பருவங்களில் அம்பு எண்ணும் விருத்தங்கள் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அதற்கு யாரும் எனக்குக் கட்டம் வரைந்து தரவில்லை. மாடியறைப் பையனைப் பார்த்துச் சிரிக்கும் முன் நம் அலமாரியில் முதுகு மடங்காத புத்தகங்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த ஆண்டு அவனைக் கூத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். முன்பெல்லாம் நாள்கணக்கில் நடந்த ஊர்கள் சிலவற்றில் இப்போது கடைசிச் சில இரவுகள் மட்டுமே கூத்து என்று சுருங்கிவிட்டதையும் சொன்னேன், கொஞ்சம் வருத்தத்தோடு. அவன் செல்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, துரியோதனன் எத்தனை மணிக்கு விழுவான், அதற்கு மட்டும் வந்தால் போதுமா என்று கேட்டான்.