மடுல்சீமைப் பிள்ளைக்கு இரசாயனவியல் ஆசிரியர் எங்கே?

மாகாணத்தின் கல்விப் பொறுப்பைக் கையில் வைத்திருக்கும் மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தோட்டப் பெற்றோர் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. அதனால் அவர்களின் குறை இப்போது எல்லோரும் படிக்கும் இடத்துக்கு வருகிறது. விதிகளும் சுற்றறிக்கைகளும் உங்களுக்குத் தெரிந்தவை. ஒரு பிள்ளைக்கு நடந்ததை மட்டும் கேளுங்கள்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுக்கிறார். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ சித்தி. உயிரியல் படிக்க ஆசைப்பட்டாள். பக்கத்துப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாததால், விடியுமுன் பஸ் ஏறி, பசறை தாண்டிப் பதுளை நகரத்துக்குப் போனாள். சில மாதங்களில் இரசாயனவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. ஆய்வுகூட அலுமாரியில் நுணுக்குக்காட்டிகள் பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படாமல் இருந்தன. வெங்காயத் தோலின் கலங்களை அவள் புத்தகப் படத்தில்தான் பார்த்தாள். டியூஷன் வகுப்புக்குப் போகலாம்தான். 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் பஸ்ஸுக்குக் கொடுப்பதா, டியூஷனுக்குக் கொடுப்பதா?

அடுத்த தவணையில் அவள் கலைப் பிரிவில் இருந்தாள்.

அவளுடைய ஊர் எது என்று நினைத்தால்தான் மனம் கொதிக்கிறது. 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத் துரு நோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது இதே மடுல்சீமையில். நோயுற்ற இலைகள் இங்கிலாந்துக்குப் போயின. பெர்க்லி என்ற அறிஞர் அந்தப் பங்கசுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். 1880இல் மார்ஷல் வார்ட் இலங்கைக்கு வந்து அதன் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்தார். பின்னாளில் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார். தாவர நோயியலின் தொடக்கப் பாடங்களில் ஒன்று இந்த மலைச்சரிவில் கிடைத்தது. கோப்பி அழிந்தபோது வயிறு காய்ந்தவர்கள் இந்தப் பிள்ளையின் முன்னோரைப் போன்ற தொழிலாளர்கள். அவர்களின் சந்ததிக்கு அந்த விஞ்ஞானம் படிக்க ஒரு வகுப்பறை இல்லை என்றால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

உயிரியல் என்றால் டாக்டர் மட்டும்தான் என்று தோட்டங்களில் நினைக்கிறார்கள். வேறு வழிகளை யாரும் வந்து சொல்லவில்லை. பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தாலும் விவசாய பீடத்துக்குப் போகலாம். பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் நிலையம் இருக்கிறது. 2005இல் உருவான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. அவள் தினமும் பஸ்ஸில் வந்த பசறை வீதியில்தான் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தண்டுத் துளைப்பான் விழுந்த கிளையையும் கொப்புள நோய் பிடித்த கொழுந்தையும் அவள் அம்மா பார்த்த உடனே சொல்லிவிடுவார். அந்த அறிவு மகளிடம் ஆராய்ச்சியாக வளர்ந்திருக்கலாம். ஆனால் உயிரியல் பிரிவில் எந்த வழியில் போவதற்கும் இரசாயனவியல் வேண்டும். அந்த ஓர் ஆசிரியர் இல்லாததால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் அடைபட்டன.

பின்தங்கிய மாவட்டம் என்று பதுளைக்குப் பல்கலைக்கழக இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாவட்ட இடங்களைப் பிரிக்கும் சனத்தொகைக் கணக்கில் லயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஐயா, எண்ணும்போது சேர்த்துக்கொண்டவர்களைப் படிப்பிக்கும்போது மறப்பது அநியாயம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தவணை முழுவதும் ஆசிரியர் இல்லையென்றால் பொறுத்திருப்பீர்களா?

பெற்றோர் புதுக் கட்டடம் கேட்கவில்லை, திறப்பு விழாவும் கேட்கவில்லை. அடுத்த உயர்தர வகுப்பு தொடங்குமுன் தமிழ்மொழி மூல இரசாயனவியல் ஆசிரியரை அனுப்புங்கள். இனி ஓர் ஆசிரியருக்கு இடமாற்றம் வந்தால், பதில் ஆசிரியர் வந்து பொறுப்பேற்கும்வரை இருப்பவரை விடுவிக்காதீர்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை உங்கள் கையொப்பத்துடன் அந்தத் தாய்க்கு எழுத்தில் கொடுங்கள்.