‘நல்ல’ என்னும் பெயரடையும் மார்த்தினிக் கடற்கரைகளும்

கரீபியன் தீவொன்றில் நல்ல கடற்கரையை எவ்வாறு தேடுவது என்ற கேள்விக்குப் பயணத் தளங்கள் நட்சத்திரக் குறிகளால் விடையளிக்கின்றன. பிரான்சின் ஆளுகைக்குட்பட்ட மார்த்தினிக் தீவைப் பொறுத்தவரை அக்குறிகளைவிட நம்பத்தக்கவை அங்குள்ள சொற்களே என்பது என் கருத்து.

அத்தீவின் கடற்கரைப் பெயர்கள் பல ‘ஆன்ஸ்’ என்று தொடங்குகின்றன. பிரெஞ்சில் அது சிறு குடாவைக் குறிக்கும். மணலோடு, அதை இருபுறமும் காக்கும் நிலமுனைகளையும் அச்சொல் உணர்த்திவிடுகிறது. ‘ஆன்ஸ் நுவார்’ என்றால் கருங்குடா. அங்கு மணல் உண்மையிலேயே கருமைதான். எரிமலைப் பாறை தந்த நிறம் அது. ஒரே ஒரு நிலமுனைக்கு அப்பால், ஆன்ஸ் துஃபூரில், மணல் வெளிறிவிடுகிறது. தென்கோடியிலுள்ள புகழ்பெற்ற வெண்மணற் கரையின் பெயரான ‘சலீன்’ உப்பளத்தைச் சுட்டுவது. வெண்மையையே அழகென்று கொள்ளும் பட்டியல்கள் மோன் பெலே எரிமலையை ஒட்டிய வடபுறக் கரைகளைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. (எமே செசேர் பிறந்த பாஸ்-புவாந்த் ஊரும் அந்த வடக்கில்தான் இருக்கிறது. தமிழ் ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்கள் வாழும் பகுதியும் அதுவே.)

சொல் ஏமாற்றுவதும் உண்டு. கரையோரம் நிழல் தரும் மான்சினீல் மரத்தின் பெயர் ‘சிறு ஆப்பிள்’ எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. அதன் கனி நஞ்சு. மழையில் அம்மரத்தடியில் ஒதுங்கினாலே தோல் கொப்பளிக்கும். அடிமரத்தில் தீட்டிய செந்நிறப் பட்டையே அங்கு எச்சரிக்கை.

தியமான் என்ற ஊரின் ஆன்ஸ் காஃபாரில், 1830இல் அடிமைகளை ஏற்றி வந்த கப்பலொன்று பாறையில் மோதிச் சிதைந்தது. 1998இல் அங்கு நிறுவப்பட்ட 15 வெண்சிலைகள் தலைகவிழ்ந்து கினி வளைகுடாவின் திசையை நோக்கி நிற்கின்றன. அவ்விடத்தைக் ‘கண்கவர் காட்சி’ என்று மட்டும் அறிமுகப்படுத்துவது எனக்கு உவப்பானதன்று.

எனினும், நான் மிகுதியாக மதிக்கும் சொல் ஒரு சட்டத் தொடர்: ‘ஐம்பது எட்டு’. 17ஆம் நூற்றாண்டிலேயே அரசன் பெயரில் ஒதுக்கப்பட்ட, 81.20 மீட்டர் அகலமுள்ள கரையோர நிலப்பட்டை அது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பொதுக் கடல்சார் உடைமைக்குள் கொண்டுவந்தது. ஜமைக்காவின் 1956ஆம் ஆண்டுக் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ, கடலில் நீராடும் பொது உரிமையை மக்களுக்கு வழங்கவில்லை. தம் ஊர்க் கடலில் இறங்க அம்மக்கள் இன்றும் வழக்காட வேண்டியிருக்கிறது. நட்சத்திரக் குறியிடுவோர் இவ்வேறுபாட்டைக் கணக்கிலேயே கொள்வதில்லை.