மூணு பேருக்கு ஒரு கிளாஸா?

எலெக்டிவ் ஃபார்ம் வந்ததும் நீங்க முதல்ல பாக்கறது சிலபஸ் இல்ல. "இது ஸ்கோரிங் டா"ன்னு சீனியர் சொல்றதைத்தான். கணிதத் துறை தர்ற பேப்பருக்கு நாலஞ்சு பேர் டிக் பண்றாங்க, ஆள் பத்தலன்னு அதைத் தூக்கிடறாங்க. இது தப்புன்னு சொல்ல ஒரு பழைய கிளாஸைச் சாட்சிக்குக் கூப்பிடறேன்.

1901, ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகம். ஃபெலிக்ஸ் ஹவுஸ்டார்ஃப் கணக் கோட்பாடு, அதாவது செட் தியரி, நடத்தினார். கேன்டர் தொடங்கி முப்பது வருஷம்கூட ஆகாத துறை. அந்தப் பாடத்துக்கு எங்கேயுமே நடந்த முதல் சில கிளாஸ்கள்ல அது ஒண்ணு. கேட்க வந்தவங்க மூணே பேர்.

நமக்கு செட் தியரின்னா வென் படம். அங்கே பேச்சே வேற. 1, 2, 3னு போற வரிசைக்கு முதல் ஆள் உண்டு, கடைசி ஆள் இல்ல. அதையே திருப்பி அடுக்கினா கடைசி உண்டு, முதல் இல்ல. பின்னங்களை எடுத்தா எந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னொண்ணு வந்து உக்காந்துக்கும். எண்ணக்கூடிய கணங்களை இப்படி எத்தனை விதமா அடுக்கலாம்? ஒரு கோட்டுல எத்தனை புள்ளி இருக்கோ, அத்தனை விதமா. அந்தப் பாடத்தை நடத்தும்போதுதான் ஹவுஸ்டார்ஃப் இதைக் கண்டுபிடிச்சார். பாவம், ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைனோட ஆய்வேட்டுல அது ஏற்கெனவே இருந்தது. ஆனா மனுஷன் விடல. 1914ல அவர் எழுதின கணக் கோட்பாட்டுப் புத்தகம்தான் இன்னைக்கு இருக்கற டோபாலஜிக்கே அடித்தளம். மெடிக்கல் இமேஜ் ப்ராஜெக்ட் பண்றவங்க ரிசல்ட் டேபிள்ல 'ஹவுஸ்டார்ஃப் டிஸ்டன்ஸ்'னு போடறீங்களே, அதே ஆள்தான்.

மூணு பேருக்காக ஒரு ஆசிரியரோட நேரத்தைச் செலவு பண்ணணுமான்னு கேட்டா, நியாயமான கேள்விதான். ஆசிரியர்கள் ஏற்கெனவே கம்மி. ஆனா 60 பேர் கிளாஸ்ல சாரால போர்ஷனைத்தான் முடிக்க முடியும். மூணு பேர் முன்னாடின்னா போர்டுலயே யோசிக்கலாம், மாட்டிக்கலாம், "நாளைக்குப் பார்ப்போம்"னு சொல்லலாம். நாலு வருஷத்துல ஒரு ஆசிரியர் அப்படி யோசிக்கறதை எத்தனை தடவை பாத்திருக்கீங்க?

அதனால கணித எலெக்டிவுக்கு மட்டுமாவது குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தளர்த்தணும். கிரெடிட் தர முடியலையா, சனிக்கிழமை காலையில சும்மா நடத்தட்டும். நான் மே மாசம் கிளம்பிடுவேன். தேர்ட் இயர் போறவங்களே, அடுத்த ஃபார்ம்ல டிக் பண்ணுங்க. தூக்கிட்டாங்கன்னா மூணு பேரா ஹெச்.ஓ.டி ரூமுக்குப் போய்க் கேளுங்க.